கொழுப்பைப் பிடிக்கும் இடுக்கி: அசைல் கோ-ஏ உடம்பில் என்ன செய்கிறது?

உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அசைல் கோஎன்சைம் ஏ என்று பாடப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வினைகளை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் உடம்பு எதற்காக இப்படி ஒன்றை வைத்திருக்கிறது என்று புரியவில்லை. அதில் கோளாறு வந்தால் என்ன நோய் வரும்? ஜிம்மில் கொழுப்பைக் கரைக்கும் என்று எல்-கார்னிடைன் விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த மூலக்கூறின் வேலை தடைப்படும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. நான் வகுப்பில் இதைத் தொடங்கும்போது வினைகளை எழுதுவதில்லை. முசாபர்பூரில் இருந்துதான் தொடங்குவேன்.

பீகாரில் உள்ள முசாபர்பூர் லிச்சிப் பழத்துக்குப் பேர்போன மாவட்டம். 1995 முதல் அங்கே லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில் குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத நோய் வந்துகொண்டிருந்தது. மாலையில் தோப்பில் ஓடி விளையாடிய பிள்ளை இரவு தூங்கப் போகும். விடியற்காலையில் வலிப்பு வரும், நினைவு தப்பும். பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூட இருக்காது. 2014-இல் மே 26 முதல் ஜூலை 17 வரை, இரண்டே மருத்துவமனைகளில் 390 பேர் இந்த நோயோடு சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 122 பேர் இறந்துவிட்டார்கள்.

மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கொசு மூலம் பரவும் வைரஸைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜானும், நச்சியல் நிபுணர் முகுல் தாசும் வேறு திசையில் யோசித்தார்கள். இது தொற்று அல்ல, வளர்சிதை மாற்றம் நின்றுபோவதால் வருவது. ஜமைக்காவில் வெகுகாலமாகத் தெரிந்திருக்கும் வாந்தி நோயைப் போல இருக்கிறது என்றார்கள். ஜமைக்காவில் அக்கி என்ற பழம் உண்டு. அதைக் காயாகச் சாப்பிட்டால் வாந்தி வரும், ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும், உயிரும் போகலாம். அந்தக் காயில் இருக்கும் அமினோ அமிலத்தை 1950களில் பிரித்தெடுத்து, சர்க்கரையைக் குறைப்பதால் ஹைப்போகிளைசின் என்று பெயர் வைத்தார்கள். அக்கியும் லிச்சியும் ஒரே தாவரக் குடும்பம். நம் ஊரில் தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டையும் அந்தக் குடும்பம்தான். லிச்சியில் இருப்பது ஹைப்போகிளைசினும், அதற்குத் தம்பி போன்ற எம்சிபிஜி என்ற பொருளும்.

இந்த நச்சுகள் தாக்குவது மூளையை அல்ல. அசைல் கோ-ஏவை எரிக்கும் நொதிகளைத்தான் தாக்குகின்றன. மூளை அதற்கு அடுத்து பலியாகிறது. ஏன் அப்படி என்று புரிய, அசைல் கோ-ஏவைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை நாம் வெறுங்கையால் தூக்குவதில்லை, இடுக்கியால் பிடிக்கிறோம். கொழுப்பு அமிலத்துக்கு உடம்பு வைத்திருக்கும் இடுக்கிதான் கோஎன்சைம் ஏ. கொழுப்பு அமிலம் என்பது நீண்ட கார்பன் சங்கிலி. அதன் ஒரு முனையில் கார்பாக்சில் தொகுதி இருக்கிறது. அந்த முனை வேதியியல் ரீதியாக மந்தமானது, லேசில் எதோடும் வினைபுரியாது. போதாக்குறைக்கு, தனியாக விட்டால் கொழுப்பு அமிலம் சோப்பு மாதிரி நடந்துகொண்டு செல்லின் சவ்வுகளைக் குலைக்கும். ஆகவே உள்ளே வந்தவுடனே செல் அதற்கு கோ-ஏவை மாட்டிவிடுகிறது. அப்படி மாட்டப்பட்ட இணைக்குத்தான் அசைல் கோ-ஏ என்று பெயர். அசைல் என்பது கொழுப்பு அமிலப் பகுதி. இரண்டு கார்பன் இருந்தால் அசிட்டைல் கோ-ஏ, பதினாறு இருந்தால் பால்மிட்டாயில் கோ-ஏ. பெயர்கள் பல, இடுக்கி ஒன்றேதான்.

இடுக்கியின் வாய் எது என்று பார்த்தால், கோ-ஏவின் நுனியில் இருக்கும் ஒரு கந்தக அணு. கந்தகமும் கார்பனும் சேரும் தயோஎஸ்டர் பிணைப்பு ஆற்றல் நிறைந்தது, எளிதில் அவிழக்கூடியது. இந்தப் பிணைப்பால்தான் மந்தமாக இருந்த முனை விழித்துக்கொள்கிறது. பக்கத்துக் கார்பன்களையும் வினைக்குத் தயாராக்குகிறது. இடுக்கியின் நடுத்தண்டு பான்டோதெனிக் அமிலம், அதாவது வைட்டமின் பி5. 'எங்கிருந்தும்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஏறக்குறைய எல்லா உணவிலும் அது இருக்கிறது. அதனால்தான் பி5 குறைபாட்டை நாம் கேள்விப்படுவதே அரிது. கோஎன்சைம் ஏவைக் கண்டறிந்தவர் ஃப்ரிட்ஸ் லிப்மன். 1953-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். 'செயல்படும் அசிட்டேட்' என்று அதுவரை தேடப்பட்டுவந்தது அசிட்டைல் கோ-ஏதான் என்று 1951-இல் காட்டியவர் ஃபியோடர் லைனன். அந்தக் கந்தகப் பிணைப்பு வெளிச்சத்துக்கு வந்தது அப்போதுதான்.

இடுக்கியை மாட்டுவதற்குச் செலவு உண்டு. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று உடைந்து, இரண்டு பாஸ்பேட் குறைந்த ஏஎம்பி ஆகிறது. கணக்குப் பார்த்தால் இரண்டு ஏடிபிக்குச் சமம். கூடவே வெளிவரும் பைரோபாஸ்பேட்டும் உடனே உடைக்கப்படுவதால் வினை பின்னோக்கித் திரும்பாது. செல் முன்பணம் கட்டிவிட்டது, கொழுப்பு அமிலம் இனி வெளியே போகாது. அதற்கு மேல் அதன் தலைவிதியை முடிவு செய்வது செல்தான். எரிப்பதா, டிரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பாக வைப்பதா, சவ்வு கட்ட பாஸ்போலிப்பிட் ஆக்குவதா, கொலஸ்ட்ராலோடு சேர்த்து எஸ்டர் ஆக்குவதா, புரதத்தின் மேல் ஒட்டுவதா? எல்லா வழியும் அசைல் கோ-ஏவில் இருந்துதான் பிரிகிறது. பாடப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அது வருவதற்குக் காரணம் இதுதான். கொழுப்பின் போக்குவரத்தில் அது நாற்சந்தி.

இதில் நீங்கள் மறக்கக் கூடாத விஷயம், செல்லில் இடுக்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பது. மாட்டிய வேலை முடிந்து விடுபட்டால்தான் அடுத்த வேலைக்கு இடுக்கி கிடைக்கும். நோய்களுக்கு வரும்போது இதுதான் சாவி.

எரிக்கும் வழியைப் பார்ப்போம். எரிப்பு நடப்பது செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள். ஆனால் அதன் உள்சவ்வை கோ-ஏ தாண்ட முடியாது. வெளியே இருக்கும் இடுக்கிகள் வெளியே, உள்ளே இருப்பவை உள்ளே. ஆகவே வாசற்படியில் கைமாற்ற வேண்டும். சிபிடி-1 என்ற நொதி கொழுப்பு அமிலத்தை கோ-ஏவிடமிருந்து வாங்கி கார்னிடைன் என்ற சின்ன மூலக்கூறிடம் கொடுக்கிறது. அசைல் கார்னிடைன் சவ்வைத் தாண்டுகிறது. உள்ளே சிபிடி-2 அதை வாங்கி உள்ளே இருக்கும் கோ-ஏவிடம் ஒப்படைக்கிறது. கார்னிடைன் திரும்ப வெளியே வந்துவிடும். நீண்ட சங்கிலிகளுக்குத்தான் இந்தச் சடங்கெல்லாம். தேங்காய் எண்ணெயில் சிறிதளவு இருக்கும் எட்டு, பத்து கார்பன் அமிலங்கள் பெரும்பாலும் கார்னிடைன் இல்லாமலே கல்லீரலில் உள்ளே நுழைந்துவிடும்.

உள்ளே நடப்பது இரண்டிரண்டு கார்பனாக வெட்டுவது. கண்ணால் பார்க்க முடியாத இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1904-இல் ஃப்ரான்ஸ் க்னூப் என்ற ஜெர்மானியர், உடம்பால் எரிக்க முடியாத பென்சீன் வளையத்தைக் கொழுப்பு அமிலத்தின் வாலில் ஒட்டி, அதை நாய்களுக்குக் கொடுத்தார். சிறுநீரைச் சோதித்தார். சங்கிலியில் ஒற்றைப்படை கார்பன் இருந்தால் பென்சாயிக் அமிலத்தின் வடிவம் வந்தது, இரட்டைப்படை இருந்தால் ஃபினைல் அசிட்டிக் அமிலத்தின் வடிவம் வந்தது. இடைப்பட்டது எதுவும் வரவில்லை. அப்படியானால் உடம்பு ஒவ்வொன்றாக வெட்டவில்லை, இரண்டிரண்டாக வெட்டுகிறது. ஐசோடோப் இல்லை, நொதியைப் பிரிக்கத் தெரியாது, கோ-ஏ என்ற பெயரே பிறக்கவில்லை. வெறும் தர்க்கத்தாலும் சிறுநீராலும் பீட்டா ஆக்சிஜனேற்றத்தைக் கண்டுபிடித்தார் மனிதர்.

ஒவ்வொரு வெட்டுக்கும் நான்கு படிகள். முதல் படியில் இரண்டு ஹைட்ரஜனைப் பறிப்பவைதான் அசைல் கோ-ஏ டிஹைட்ரஜனேஸ்கள். இவை சங்கிலியின் நீளத்துக்கு ஏற்ப ஆள் மாறும்: மிக நீண்டதற்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று. பதினாறு கார்பன் பால்மிட்டிக் அமிலம் ஏழு முறை வெட்டப்பட்டு எட்டு அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. முன்பணத்தைக் கழித்தால் கையில் 106 ஏடிபி மிஞ்சும். பழைய புத்தகங்களில் 129 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், கணக்கிடும் முறை பின்னால் திருத்தப்பட்டது.

இனி முசாபர்பூர்க் குழந்தையிடம் திரும்புவோம். இரவு சாப்பிடாமல் தூங்கிவிட்டது. முதலில் கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன் கரைந்து சர்க்கரை வருகிறது. பெரியவர்களுக்கே அது ஏறக்குறைய 100 கிராம்தான். சத்துக் குறைந்த சின்னக் குழந்தைக்கு அது விடியும்வரை தாங்காது. அப்புறம் உடம்பு கொழுப்பை நோக்கித் திரும்பும். கொழுப்பிலிருந்து நேரடியாகச் சர்க்கரை செய்ய முடியாது என்று படித்திருப்பீர்கள். ஆனால் கொழுப்பு எரியாமல் சர்க்கரை செய்யவும் முடியாது. அமினோ அமிலத்திலிருந்தும் லாக்டேட்டிலிருந்தும் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்ய ஏடிபி வேண்டும், ஹைட்ரஜனைச் சுமந்து வரும் என்ஏடிஹெச் வேண்டும். அந்தப் பாதையின் முதல் நொதியான பைருவேட் கார்பாக்சிலேஸ் அசிட்டைல் கோ-ஏ இருந்தால்தான் கண் விழிக்கும். இவை எல்லாம் கொழுப்பை எரிப்பதிலிருந்து வருபவை. மிஞ்சும் அசிட்டைல் கோ-ஏவைக் கல்லீரல் கீட்டோன்களாக்கி மூளைக்கு மாற்று எரிபொருளாக அனுப்பும். பட்டினி இரவை நாம் தாண்டுவது இப்படித்தான்.

பகலெல்லாம் லிச்சி தின்ற குழந்தைக்கு இங்கேதான் வழி அடைபடுகிறது. ஹைப்போகிளைசின் அதே வடிவில் தீங்கு செய்வதில்லை. உடம்பு அதைச் சாதாரண அமினோ அமிலம் என்று நினைத்து உடைத்து, வழக்கம்போல கோ-ஏவை மாட்டிவிடுகிறது. மாட்டியவுடன் அது டிஹைட்ரஜனேஸ் நொதியின் வாய்க்குள் அசல் அசைல் கோ-ஏ போலவே நுழைந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடும். நொதி அதோடு முடிந்தது; புதிது செய்தால்தான் உண்டு. எம்சிபிஜியும் அதேபோல கோ-ஏ மாட்டிக்கொண்டு அடுத்த படியில் வரும் நொதியையும் முடக்குகிறது. எரிப்பு நிற்கிறது, சர்க்கரை செய்வதும் நிற்கிறது, மூளைக்கு அனுப்பக் கீட்டோனும் இல்லை. பசித்த மூளை வலிப்பில் துடிக்கிறது.

இந்திய, அமெரிக்க நிபுணர்கள் 2014-இல் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினரின் சிறுநீரில் இந்த நச்சுகளின் மிச்சம் இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தத்தில் அசைல் கார்னிடைன்களின் அளவு தாறுமாறாக இருந்தது, அதாவது கொழுப்பு எரிப்பு பாதியில் நின்றதன் கைரேகை. லிச்சி தின்றதும், அதைவிட முக்கியமாக, தின்றுவிட்டு இரவு உணவு உண்ணாமல் படுத்ததும் நோயோடு சேர்ந்து வந்தன. எல்லா நிபுணர்களும் இதை முழு விளக்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. கடும் வெயிலும் வேறு காரணங்களும் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், 2019-இல் மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது அந்த வாதம் வலுத்தது. என் கருத்தைக் கேட்டால், நச்சு தனியாகக் கொல்லவில்லை. வயிறார இரவுச் சோறு தின்ற பிள்ளை அதே பழத்தைத் தின்று மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தோப்புகளை ஒட்டி வாழும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அசைல் கோ-ஏவை எரிக்க முடியாமல் போனது, எரிக்க வேண்டிய நிலைமை வந்ததால்தான் உயிரைக் குடித்தது. இரவுச் சாப்பாடும், வந்தவுடனே ஏற்றும் குளுக்கோஸும்தான் மருந்து என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னது இதனால்தான்.

இதே நாடகம் நச்சு இல்லாமல் மரபணுவிலும் நடக்கிறது. நடுத்தரச் சங்கிலிக்கான டிஹைட்ரஜனேஸ் பிறவியிலேயே பழுதாக இருப்பதை எம்கேட் குறைபாடு என்பார்கள். வட ஐரோப்பிய வம்சாவளியில் ஏறக்குறைய 10,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒன்று. குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்கும் வரை கொழுப்பை எரிக்கும் அவசியமே வராது. அப்புறம் ஒரு நாள் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து சாப்பிடாமல் கிடக்கும்போது, சோம்பல், வாந்தி, மயக்கம். ரத்தத்தில் சர்க்கரை இல்லை, இருக்க வேண்டிய அளவுக்குக் கீட்டோனும் இல்லை. 1980களின் தொடக்கத்தில்தான் இந்த நோய் தனியாக அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்னால் தொட்டிலில் காரணமின்றி இறந்ததாகப் பதிவான குழந்தைகளில் சிலருக்கு இதுதான் இருந்திருக்கிறது. அந்தத் தாய்மார்கள் எத்தனை ஆண்டுகள் தங்களைத் தாங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் இதைப்போல எளிதாகச் சமாளிக்கும் மரபு நோய் குறைவு. பட்டினி போடக் கூடாது, உடம்பு சரியில்லாமல் சாப்பிட முடியாவிட்டால் தாமதிக்காமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். கண்டுபிடிக்க உதவுவது நான் மேலே சொன்ன கைரேகைதான். எரிக்க முடியாத எட்டு கார்பன் அசைல் கோ-ஏ மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தேங்குகிறது. இடுக்கிகள் எல்லாம் அதிலேயே மாட்டிக்கொண்டால் மற்ற வேலைகள் என்னாவது? அப்போது கார்னிடைன் மறுபடி உதவிக்கு வருகிறது. இந்த முறை உள்ளே கொண்டுவருவதற்கு அல்ல, வெளியே கொண்டுபோவதற்கு. தேங்கியதை வாங்கிக்கொண்டு ரத்தத்துக்கு வந்துவிடும், இடுக்கி விடுபடும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டை நிறை நிறமாலைமானியில் வைத்தால் அந்த எட்டு கார்பன் கார்னிடைன் துருத்திக்கொண்டு தெரியும். பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்கிறார்கள். இந்தியா முழுவதற்குமான திட்டம் நம்மிடம் இல்லை. கேட்டால், காசு கட்டினால் தனியார் பரிசோதனைக் கூடங்களில் செய்துகொள்ளலாம். ஒரு சொட்டு ரத்தம் போதும் என்கிற சோதனை ஒவ்வொரு அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்கும் வர வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன்.

இடுக்கிகள் மாட்டிக்கொள்வதால் வரும் சிக்கல் மருந்துகளாலும் வரும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் ஒரு கிளைத்த கொழுப்பு அமிலம். உடம்பு அதற்கும் கோ-ஏவை மாட்டுகிறது, ஆனால் அவிழ்த்து எரிப்பது மெதுவாகத்தான். கோ-ஏவும் கார்னிடைனும் குறைகின்றன, சிலருக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிப்பு வரலாம். கடுமையான நிலையில் மருத்துவர்கள் கார்னிடைன் ஏற்றுவது இதனால்தான். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அது பலருக்கு உயிர் காக்கும் மருந்து, மாற்றுவதானால் மருத்துவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும். வைரஸ் காய்ச்சலில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று சொல்வதன் பின்னாலும் மைட்டோகாண்ட்ரியா முடங்கும் ரேய் நோய்தான் இருக்கிறது. ரேய் என்று சொல்லப்பட்ட குழந்தைகளில் சிலர் உண்மையில் எம்கேட் குறைபாடு உள்ளவர்கள் என்பது பின்னால் தெரியவந்தது.

இதுவரை சொன்னது பட்டினியில் வரும் கோளாறு. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது அதற்கு நேர்மாறானது.

சோறும் இனிப்பும் சாப்பிட்டு இன்சுலின் ஏறும்போது, மிஞ்சிய அசிட்டைல் கோ-ஏவிலிருந்து மலோனைல் கோ-ஏ செய்யப்படுகிறது. இது புதுக் கொழுப்பு கட்டுவதற்கான செங்கல். அதே மலோனைல் கோ-ஏ வாசற்படியில் நிற்கும் சிபிடி-1ஐப் பூட்டிவிடுகிறது. 1970களின் பிற்பகுதியில் டென்னிஸ் மெக்காரியும் டேனியல் ஃபாஸ்டரும் இதைக் கண்டுபிடித்தபோது, ஒரே செல் ஒரே நேரத்தில் கொழுப்பைக் கட்டிக்கொண்டே எரிக்காமல் இருப்பது எப்படி என்ற நீண்டநாள் புதிர் அவிழ்ந்தது. கட்டும் செங்கல்லே எரிக்கும் கதவுக்குப் பூட்டு. உடற்பயிற்சியின்போது ஏஎம்பிகே என்ற நொதி மலோனைல் கோ-ஏ செய்வதை நிறுத்துகிறது, பூட்டு திறக்கிறது.

பூட்டு நாள் முழுக்க மாட்டியே இருந்தால்? உள்ளே வரும் கொழுப்பு அமிலம் எல்லாம் அசைல் கோ-ஏவாகி, எரிய வழியில்லாமல் சேமிப்புப் பக்கம் திரும்புகிறது. கொழுப்புத் திசுவில் டிரைகிளிசரைடாகப் படிந்தால் பெரிய பாதகமில்லை. அங்கே இடம் நிறைந்து கல்லீரலிலும் தசையிலும் படியத் தொடங்கும்போதுதான் தொல்லை. அதிலும் தீங்கு செய்வது டிரைகிளிசரைடு அல்ல, வழியில் உருவாகும் இடைப்பொருட்கள்தான் என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. டைஅசைல் கிளிசரால் இன்சுலினின் சமிக்ஞையைத் தொடக்கத்திலேயே மட்டுப்படுத்துகிறது. பால்மிட்டாயில் கோ-ஏ செரீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து செராமைடாகி அதே சமிக்ஞையை அடுத்த கட்டத்தில் அடக்குகிறது. தசை இன்சுலின் சொல்லைக் கேட்க மறுக்கிறது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, கல்லீரலில் இன்னும் மலோனைல் கோ-ஏ. நன்றாகப் பயிற்சி செய்யும் ஓட்டப்பந்தய வீரர்களின் தசையிலும் கொழுப்புத் துளிகள் நிறைய இருக்கும், ஆனால் அவர்களுக்கு இன்சுலின் நன்றாகவே வேலை செய்யும். அவர்களிடம் கொழுப்பு வந்து வந்து போகிறது, தேங்குவதில்லை. எவ்வளவு கொழுப்பு என்பதைவிட அசைல் கோ-ஏ எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இந்த உதாரணம் ஒரு காரணம்.

கொலஸ்ட்ராலும் இந்த வீட்டுப் பிள்ளைதான். மூன்று அசிட்டைல் கோ-ஏ சேர்ந்து ஹெச்எம்ஜி கோ-ஏ ஆகிறது. அதிலிருந்து கொலஸ்ட்ராலுக்குப் போகும் பாதையின் வாசலைத்தான் ஸ்டேட்டின் மாத்திரைகள் அடைக்கின்றன. 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டேட்டினைக் கண்டெடுத்தார். ஸ்டேட்டின் சாப்பிட்டால் தசைவலி வருகிறது என்று சிலர் நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்காக வந்திருக்கும் பெம்பிடோயிக் அமிலம், நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. மாத்திரையாக விழுங்கும்போது அது செயலற்றது. கோ-ஏவை மாட்டினால்தான் வேலை செய்யும். அந்தக் கோ-ஏவை மாட்டும் நொதி கல்லீரலில் உண்டு, எலும்புத் தசையில் இல்லை. ஆகவே மருந்து கல்லீரலில் மட்டும் விழித்துக்கொள்கிறது, தசையில் தூங்கிக்கொண்டே இருக்கும். முசாபர்பூரில் குழந்தைகளைக் கொன்ற அதே தந்திரத்தை, உடம்பே கோ-ஏவை மாட்டிவிடும் பழக்கத்தை, நோயாளிக்கு நன்மையாகத் திருப்பியிருக்கிறார்கள்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு கார்பன் போன்ற மிக நீண்ட சங்கிலிகளை மைட்டோகாண்ட்ரியா தொடாது, செல்லுக்குள் இருக்கும் பெராக்சிசோம் என்ற இன்னொரு சிறு அறைதான் வெட்டும். அந்த அசைல் கோ-ஏக்களை உள்ளே அனுப்பும் வாயில் பழுதானால் அட்ரினோலியூக்கோடிஸ்ட்ரஃபி. பெரும்பாலும் சிறுவர்களின் மூளை வெண்பொருளையும் அட்ரினல் சுரப்பியையும் அழிக்கும் கொடிய நோய் அது. ஒற்றைப்படைச் சங்கிலியை வெட்டினால் கடைசியில் மூன்று கார்பன் புரோப்பியோனைல் கோ-ஏ மிஞ்சும். அதைச் சரிசெய்யும் பாதையில் வைட்டமின் பி12 வேண்டும். சைவ உணவு மட்டும் உண்பவர்களிடம் பி12 குறைவது நம் நாட்டில் சகஜம். அப்போது ரத்தத்தில் மீத்தைல் மலோனிக் அமிலம் ஏறுவதைச் சோதனையில் பார்ப்பார்கள். அது ஏறுவதற்குக் காரணம் இந்தப் பாதையில் தேங்கும் அசைல் கோ-ஏதான்.

சரி, எல்-கார்னிடைன். விளம்பரத்தின் தர்க்கம் உங்களுக்கு இப்போது புரியும்: கொழுப்பை எரிக்கும் அறைக்குள் கொண்டுபோவது கார்னிடைன், அதனால் கார்னிடைன் கூடினால் எரிப்பும் கூடும். ஆனால் ஆரோக்கியமான ஆளுக்குக் கார்னிடைன் பற்றாக்குறை கிடையாது. கல்லீரலும் சிறுநீரகமும் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து அதைச் செய்துகொள்கின்றன. இறைச்சி உண்பவர்களுக்கு உணவிலிருந்தும் கிடைக்கிறது. வாசலில் தடையாக இருப்பது சுமப்பவர் குறைவு அல்ல, மலோனைல் கோ-ஏ போட்ட பூட்டு. சாப்பிட்ட மாத்திரையில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படுவதே இல்லை. உறிஞ்சப்பட்டு மிகையானதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். உறிஞ்சப்படாததைக் குடலில் இருக்கும் பாக்டீரியா டிரைமெத்தில் அமீனாக மாற்றும், அதனால் சிலருக்கு உடம்பில் மீன் வாடை அடிக்கும். உடல் எடை குறைக்க அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் பதில்.

ஆனால் கார்னிடைன் வீண் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். செல்லுக்குள் கார்னிடைனைக் கொண்டுபோகும் வாயிலே பிறவியில் பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள். சிறுநீரில் கார்னிடைன் எல்லாம் வழிந்து போய்விடும். இதயத் தசைக்குப் பெரும்பாலான ஆற்றல் கொழுப்பிலிருந்துதான் வருகிறது, அதனால் இதயம் பலவீனமாகி வீங்கத் தொடங்கும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு வரும், வீங்கிய இதயம் எக்ஸ்ரேயில் தெரியும். காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, கார்னிடைனை வாய்வழியாக அதிக அளவில் தினமும் கொடுத்தால், சில மாதங்களில் அந்த இதயம் பழைய அளவுக்குச் சுருங்கி நன்றாகத் துடிக்கும். வாழ்நாள் முழுக்க மருந்தை நிறுத்தாமல் இருந்தால் போதும், அந்தக் குழந்தை பள்ளிக்கூட மைதானத்தில் மற்றவர்களோடு ஓடும்.